கஞ்சாத் தோட்டமும் அனுமதிப்பத்திரமும்

1990களின் நடுப்பகுதியில் நான் நீதிமன்றச் செய்தி சேகரிக்கும் நிருபராக இருந்தேன். ஒருநாள் முதியவர் ஒருவர் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டார். தமது சேனையில் சோளத்துக்கு நடுவே சில கஞ்சாச் செடிகளை வளர்த்தார் என்பது குற்றச்சாட்டு. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர், "ஐயா, இதுக்கு எங்க பேர்மிட் எடுக்கிறது எண்டு ஆரும் சொல்லியிருந்தா எடுத்திருப்பன்" என்றார். மன்றில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அது உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக வெளிவந்தது.

அந்த முதியவரின் கேள்வி நகைப்புக்குரியதன்று என்பதைப் பிற்காலத்தில் பழைய அறிக்கைகளைப் படித்தபோதே உணர்ந்தேன். கஞ்சா பயிரிட அனுமதிப்பத்திரம் வழங்கிய ஓர் அரசு நமது அயலிலேயே இருந்தது. அது நம்மை ஆண்ட அதே பிரித்தானிய முடியின் அரசுதான்.

இன்றைய வங்காளதேசத்தின் வடமேற்கில் உள்ள நவுகாவ், 19ஆம் நூற்றாண்டில் வங்காள மாகாணத்தின் கஞ்சா வயலாக விளங்கியது. அங்கு எவரும் தம் விருப்பப்படி விதைத்துவிட முடியாது. முதலில் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். பயிர் வளரும் காலத்தில் அதிகாரிகள் வயலுக்கு வந்து பார்ப்பார்கள். ஆண் செடிகளைக் கண்டறிந்து பிடுங்கி எறிவதற்கென்றே 'பொத்தார்' எனப்படும் கைதேர்ந்தவர்கள் இருந்தனர். ஆண் செடியின் மகரந்தம் பட்டால் பெண் செடி விதை பிடித்துச் சரக்கின் தரம் கெட்டுவிடும் என்பதே காரணம். அறுவடையான கஞ்சா 'கோலா' என்ற களஞ்சியங்களுக்குச் சென்றது. உரிமம் பெற்ற மொத்த வியாபாரிகள் அரசுக்குத் தீர்வை செலுத்தியே அதை வெளியே கொண்டுசெல்லலாம். விளைவித்தவன் விவசாயி, விளைந்ததன் மீது முதல் உரிமை கொண்டாடியது திறைசேரி.

இந்த வருமானம் இலண்டனில் எதிர்ப்பைக் கிளப்பியது. 1893 மார்ச்சில் மதுவிலக்கு இயக்கத்தவரான வில்லியம் கேய்ன் பொதுமக்கள் சபையில் இவ்விடயத்தை எழுப்பினார். கஞ்சா மக்களைப் பைத்தியமாக்குகிறது, அதைத் தடைசெய்யவேண்டும் என்பது அத்தரப்பினரின் வாதம். அதே ஆண்டில் இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. மக்வேர்த் யங் அதன் தலைவர். உறுப்பினர் எழுவரில் மூவர் இந்தியர். 1,193 பேரிடம் அது சாட்சியம் பெற்றது.

ஆணைக்குழு செய்த வேலைகளுள் என்னை வியக்கவைத்தது, மனநோய் மருத்துவமனைப் பதிவேடுகளை அது ஆராய்ந்த விதம். 1892இல் அனுமதிக்கப்பட்ட 1,344 நோயாளர்களுள் 98 பேரின் நோய்க்கு மாத்திரமே கஞ்சா ஒரு காரணியாக இருந்திருக்கலாம் என்று அது கண்டது. ஏனைய பலரது பதிவுகளில் 'காரணம்: கஞ்சா' என்ற குறிப்பு போதிய விசாரணையின்றி எழுதப்பட்டிருந்தது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் பிரதி செய்வதால் பொய் மெய்யாவதைப் பத்திரிகைத் தொழிலில் நானும் கண்டிருக்கிறேன்.

1894இல் வெளியான அறிக்கை மிதமிஞ்சிய பாவனையின் தீங்கை மறைக்கவில்லை. மிதமான பாவனையால் பெருந்தீங்கு இல்லை என்றும், முழுத்தடை அவசியமற்றது என்றும் அது கூறியது. தடை விதித்தால் மக்கள் அதனினும் கொடிய போதையை நாடக்கூடும் என்று எச்சரித்தது. பயிர்ச்செய்கையை அனுமதிப்பத்திரத்தாலும், பாவனையை வரியாலும் கட்டுப்படுத்துமாறு பரிந்துரைத்தது. இதில் அறிவு இருந்தது. வருமானத்தை இழக்க விரும்பாத ஆட்சியின் வசதியும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்கவேண்டும்.

1917இல் நவுகாவ் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். விளைச்சலைச் சங்கமே வாங்கி விற்றது. இலாபத்தில் ஒரு பகுதி பாடசாலைகளுக்கும் மருந்தகங்களுக்கும் வீதிகளுக்கும் சென்றது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை, மருத்துவமல்லாத பாவனையை 25 ஆண்டுகளுள் ஒழிக்கக் கெடு விதித்தது. 1987இல் நவுகாவின் பயிர்ச்செய்கை முடிவுக்கு வந்தது.

ஆனால் அதே உடன்படிக்கை ஒரு கதவைத் திறந்தே வைத்தது. கஞ்சா பயிரிட அனுமதிக்கும் நாடு அரச முகவரகம் ஒன்றை அமைக்கவேண்டும். அது நிலத்தைக் குறிக்கவேண்டும், பயிரிடுவோருக்கு உரிமம் வழங்கவேண்டும், அறுவடை முடிந்து நான்கு மாதங்களுள் விளைச்சலைத் தன்வசம் எடுக்கவேண்டும். படித்தபோது என் நினைவுக்கு வந்தது நவுகாவ்தான்.

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் கஞ்சாவைக் குற்றமாக்கியது. நாட்டு வைத்தியர்கள் தமது மருந்துக்கு அதை அரசிடமிருந்தே பெறவேண்டியிருந்தது. 2025இல்தான் மீரிகமையில் 64 ஏக்கர் காணியில், ஏற்றுமதிக்கு மாத்திரம் பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஒவ்வொருவரும் முதலிடவேண்டிய ஆகக் குறைந்த தொகை 50 இலட்சம் அமெரிக்க டொலர்.

கஞ்சாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதனால் சீரழிந்த இளைஞர்களையும் கண்டிருக்கிறேன். ஆயினும் அனுமதிப்பத்திரம் என்பது ஒரு செடி நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பதில்லை. அதனால் பயன்பெறப்போவது யார் என்பதையே தீர்மானிக்கிறது. நவுகாவில் அது சிறு விவசாயியின் கையில் இருந்தது. அதனால் ஊருக்குப் பாடசாலை கிடைத்தது.

"எங்க பேர்மிட் எடுக்கிறது?" என்று அந்த முதியவர் கேட்டார். முப்பது ஆண்டுகளின் பின்னர் அதற்குப் பதில் கிடைத்திருக்கிறது. அவர் போன்ற ஒரு சேனை விவசாயியால் அந்தப் படியை ஏறமுடியாது. அன்று சிரித்ததற்காக இன்று வெட்கப்படுகிறேன்.