ஆற்றை நம்பிய தீவு

நான் படித்தது பி.காம். பார்ப்பது வங்கி உத்தியோகம். சரித்திரத்துக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு சரி. மைசூருக்கு மாற்றலாகி வந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல் ஸ்ரீரங்கப்பட்டணம் போக ஆரம்பித்தேன், அதில் பிடித்துக்கொண்டது இந்தப் பைத்தியம். ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு ரங்கநாதர் இல்லாத ஊரில் இருப்புக் கொள்ளாது என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆதிரங்கம் இங்கே, மத்தியரங்கம் சிவசமுத்திரம், கடைசி ரங்கம் எங்கள் ஊர். மூன்றுமே காவிரி பிரிந்து ஓடும் இடத்துத் தீவுகள்.

மைசூரிலிருந்து பெங்களூரு சாலையில் 15 கிலோமீட்டர் போனால் ஸ்ரீரங்கப்பட்டணம் தீவு. சுமார் 5 கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம். மேற்கு முனையில் கோட்டை. கிழக்கே கஞ்சாம், ஹைதர் அலியும் திப்புவும் அடங்கிய கும்பஸ், அதையும் தாண்டினால் இரண்டு கிளைகளும் சேரும் சங்கமம். கோட்டையின் வடக்கு, மேற்குச் சுவர்களுக்கு ஆறுதான் காவல். ஆனால் ஆற்றுப் படுகை முழுக்கப் பாறை. ஏப்ரல், மே மாதத்தில் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு பாறைக்குப் பாறை தாவி அக்கரை போய்விடலாம் போலிருக்கும்.

ஜூன் பிறந்தால் கதை வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால், மைசூரில் ஒரு சொட்டு விழாத நாளிலும் ஆறு நுரைத்துக்கொண்டு வரும். மைசூருக்கு வருஷம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் 80 சென்டிமீட்டர் மழைதான். குடகில் தலைக்காவிரிப் பக்கம் அதைப்போலப் பல மடங்கு. தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டினால் இங்கே அகழி நிரம்பும். அதாவது கோட்டைக்கு இருந்தது சீசன் அகழி. அது எந்த வாரம் நிரம்பும் என்பதைப் பொறுத்திருந்தது திப்புவின் தலையெழுத்து.

1791ஐப் பாருங்கள். மார்ச்சில் பெங்களூருவைப் பிடித்த கார்ன்வாலிஸ், மே 15ஆம் தேதி அரகெரேயில் திப்புவின் படையை ஜெயித்து, தீவின் வாசலுக்கே வந்துவிட்டார். ஆனால் தாமதம். மழை பிடித்துக்கொண்டது, ஆறு ஏறியது. தீவனம் கிடையாது, வண்டி மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மாடில்லாமல் பெரிய பீரங்கியை யார் இழுப்பது? தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். பத்து வருஷம் முன்னால் அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்தவரும் இதே மனிதர்தான். பாவம்.

ஆனால் பாடம் படித்துக்கொண்டார். அடுத்த முறை வந்தது 1792 பிப்ரவரியில். ஆற்றில் தண்ணீர் குறைவு, மழைக்கு நாலு மாதம் இருக்கிறது. மார்ச்சில் உடன்படிக்கை. பாதி ராஜ்ஜியம் போயிற்று. அதோடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய். பாதி உடனடியாக, மீதி மூன்று தவணையில். பிணையாக இரண்டு மகன்கள்! எத்தனையோ பிணைப் பத்திரங்களில் கையெழுத்து வாங்கியவன் நான், இந்த ஷரத்தைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. பணம் கட்டி முடித்து, 1794இல் பிள்ளைகள் திரும்பினார்கள்.

1799இல் ஜெனரல் ஹாரிஸ் பிப்ரவரியிலேயே வேலூரிலிருந்து கிளம்பி, ஏப்ரல் 5ஆம் தேதி தீவுக்கு மேற்கே கூடாரம் அடித்தார். உள்ளே திப்பு மழையை எதிர்பார்த்திருந்தார். வெளியே ஹாரிஸுக்கு அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. இருவருமே நாளை எண்ணினார்கள். மே 4, மதியம் ஒரு மணி வாக்கில், சுட்டெரிக்கும் வெயிலில், பாறைகளுக்கு நடுவே ஆற்றில் இறங்கிக் கடந்து, மேற்குச் சுவரின் உடைப்பில் ஏறினார்கள். அன்று மாலைக்குள் திப்பு இறந்து கிடந்தார். மறுநாள் மாலை அடக்கம். அன்றுதான் இடியும் மின்னலுமாகப் பெருமழை. முகாமில் இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் மின்னல் தாக்கிச் செத்தார்கள்.

ஒரு மாதம் தாக்குப்பிடித்திருந்தால் திப்பு ஜெயித்திருப்பார் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1791இல் ஆறு வாங்கிக்கொடுத்தது ஒன்பதே மாதம். இந்தத் தடவையும் வாய்தாதான் கிடைத்திருக்கும்.

ஜெயித்தவர்களையும் தீவு நிம்மதியாக விடவில்லை. ஐந்து வயது கிருஷ்ணராஜ உடையாரை அரியணை ஏற்றித் தலைநகரை மைசூருக்குக் கொண்டுபோனார்கள், படை மட்டும் தீவில் இருந்தது. காய்ச்சல் ஆரம்பித்தது. வெள்ளம் வடிந்ததும் பாறைக்குழிகளில் தேங்கும் தண்ணீர், சுற்றிலும் வயல், வாய்க்கால். கொசு பெருகக் கேட்கவா வேண்டும்? கொசுதான் காரணம் என்று சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897இல். அதுவரை கெட்ட காற்று என்றே நினைத்தார்கள். மலேரியா என்ற இத்தாலிய வார்த்தைக்கு அர்த்தமே அதுதான். அந்த இத்தாலியின் சிசிலி, மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு. அங்கே நமக்கு நேர்மாறு, குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. ஆனாலும் 1943 கோடையில் அங்கே இறங்கிய நேச நாட்டுப் படைகளில், சண்டையில் அடிபட்டவர்களைவிட மலேரியாவில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அதிகம். கொசுவைப் பற்றித் தெரிந்த பிறகே அந்தக் கதி!

1800இல் இங்கே வந்த புக்கானன், திப்பு காலத்தில் ஒன்றரை லட்சம் பேர் இருந்த தீவில் படையினர் நீங்கலாகச் சுமார் 32,000 பேர்தான் மீதி என்று கணக்கிட்டார். 1809இல் படையும் பெங்களூருவுக்கு மாறியது. பெங்களூரு கன்டோன்மென்ட் பிறந்ததில் இந்தத் தீவின் கொசுவுக்கும் பங்குண்டு. திப்புவின் அரண்மனை மரங்கள் ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு உத்தரமாகப் போயின. ஆற்றங்கரையில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பலர் டி மியூரான் என்ற சுவிஸ் படைப்பிரிவினர். இலங்கையில் டச்சுக்காரர்களிடம் சம்பளம் வாங்கி, பிறகு ஆங்கிலேயரிடம் மாறியவர்கள். பனிமலை தேசத்தில் பிறந்து காவிரிக் கரையில் அடங்கியிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கத்தான் நான் அடிக்கடி போவது. ஊரைவிட்டு வந்து சம்பளத்துக்கு உழைத்தவர்கள் என்ற உறவு!

இப்போது ஆறு ஏறும் தேதியைத் தீர்மானிப்பது மழை மட்டுமல்ல, மேலே 1911இல் கட்ட ஆரம்பித்த கண்ணம்பாடி அணையும்தான். போன ஜூலையில் மதகு திறந்த அன்று உடைப்பு நினைவுத்தூண் பக்கம் நின்றிருந்தேன். பாறை ஒன்றுகூடத் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா போன்.

"அங்க தண்ணி வந்துடுச்சாடா?"

"வந்துடுச்சும்மா. ரெண்டு மூணு நாள்ல மேட்டூருக்கு வந்துடும். அப்புறம் அங்க திறக்கணும்."

"ஆடிப்பெருக்குக்குள்ள இங்க வந்துடும்ல?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.