தட்டை நிரப்பாதீர்கள், கவளத்தை நிரப்புங்கள்



அக்கா எப்படி இருக்கிறார் என்று பலர் கேட்டிருந்தீர்கள். தேறி வருகிறார். அவர் தேறியதற்குப் பின்னால் ஒரு வரலாற்றுப் பாடம் இருக்கிறது. வகுப்பில் நான் உங்களுக்கு நடத்தாமல் விட்ட பாடம். இப்போதாவது எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு 76 வயது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. 46 கிலோ இருந்தவர் 41க்கு வந்துவிட்டார். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "வேறு கோளாறு இல்லை, சாப்பாடுதான் உள்ளே போகணும்" என்றார். நான் என்ன செய்தேன்? தட்டு நிறையச் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் அக்கா தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நீ இன்னும் வாத்தியாராவே இருக்கியேடா. போர்டுல எழுதினதை எல்லாம் நான் காப்பி பண்ணியே ஆகணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1943 வங்கப் பஞ்சத்தை எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருப்பேன்! இறந்தவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் என்று எழுதினால் முழு மதிப்பெண் கொடுத்தேன். பிழைத்தவர்களுக்கு எப்படி ஊட்டினார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, சொன்னதுமில்லை.

அந்தக் கேள்விக்கான பதில் வங்கத்தோடு முடியவில்லை, ஜெர்மனி வரை போகிறது. 1945 ஏப்ரல் 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை பெர்கன் பெல்சன் முகாமுக்குள் நுழைந்தது. உள்ளே ஏறத்தாழ 60,000 பேர், எலும்பும் தோலுமாக. மனம் பொறுக்காத சிப்பாய்கள் தங்களிடம் இருந்த கொழுப்பு மிகுந்த டின் உணவுகளைக் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பல வாரம் பட்டினி கிடந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. பலர் அதனாலேயே இறந்தார்கள். நோயும் சேர்ந்துகொள்ள, விடுதலைக்குப் பிறகு மட்டும் 13,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

அப்போது அங்கே கொண்டுவந்த உணவின் பெயர் 'வங்கப் பஞ்சக் கலவை'. பால் பவுடர், சர்க்கரை, மாவு, உப்பு, தண்ணீர் சேர்ந்தது. நம் மண்ணின் பஞ்சத்தில் கற்றது ஐரோப்பாவுக்குப் போனது. ஆனால் பலரால் அதைக் குடிக்க முடியவில்லை, அவ்வளவு தித்திப்பு. சத்துக் கணக்கு சரி, நாக்கு ஒப்பவில்லை. ஊசி வழியே சத்து ஏற்றலாம் என்றால், முகாமில் ஊசியைக் கொலைக் கருவியாகவே பார்த்தவர்கள் அலறினார்கள். கடைசியில் உதவியது, சுவையை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்த உணவும், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிய கைகளும்தான். லண்டனிலிருந்து போன மருத்துவ மாணவர்களும் அந்த வேலையைச் செய்தார்கள்.

முதல் பாடம் இது: உண்பவரின் நாக்கும் வயிறும் சம்மதிக்காமல் கலோரிக் கணக்கால் பயனில்லை.

இரண்டாவது பாடம் குழந்தைகளிடமிருந்து வந்தது. மெலிந்த குழந்தைக்குப் பசியும் இருக்காது, வயிறும் சிறியது. ஜமைக்காவில் ஜான் வாட்டர்லோ 1950களில் தொடங்கிய ஆய்வுக்கூடம் இதில் பெரும்பணி செய்தது. அங்கே பணியாற்றிய மைக்கேல் கோல்டன் போன்றவர்களின் உழைப்பில் 'எஃப்-75', 'எஃப்-100' என்ற பால் கலவைகள் வந்தன. முதலில் 100 மில்லியில் 75 கலோரி உள்ளது. உடம்பு பழகி, பசி திரும்பிய பிறகு 100 மில்லியில் 100 கலோரி உள்ளது. ரகசியம் ஒன்றும் பெரிதில்லை, பாலில் எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்தார்கள். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு 9 தரும். குழந்தை குடிக்கும் அளவு ஏறாமலே சத்து ஏறியது.

ஆனால் அதைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும், வைத்திருந்தால் கெட்டுப்போகும். 1990களில் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்த் அதற்கு வழி கண்டார். பால் பவுடரில் ஒரு பகுதிக்குப் பதிலாக நிலக்கடலை விழுது. தண்ணீரே வேண்டாம், பிய்த்து அப்படியே சாப்பிடலாம். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. 'பிளம்பிநட்' என்று பெயர். 2005இல் நைஜர் நாட்டுப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் வீட்டிலிருந்தபடியே இதைச் சாப்பிட்டுப் பிழைத்தார்கள். ஏழை வீட்டுக் கடலைக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்!

மூன்றாவது பாடம் நம் அடுக்களையிலேயே இருந்தது. கஞ்சியில் மாவு கூடினால் களியாகிவிடும், இளக்கினால் தண்ணீர்தான் வயிற்றை அடைக்கும். கேழ்வரகை முளைகட்டினால் அதில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது, கஞ்சி இளகுகிறது. அதே டம்ளரில் அதிக மாவு சேர்க்கலாம். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் பரோடாப் பல்கலைக்கழகமும் 1980களில் இதை ஆய்ந்து காட்டின. நம் பாட்டிகள் ஆய்வுக்கட்டுரை எழுதாமலே செய்துவந்தார்கள்.

இனி வீட்டுக் கதை. தட்டை எடுத்துவிட்டுச் சின்னக் கிண்ணத்துக்கு மாறினேன். மூன்று வேளையை ஆறு வேளையாக்கினேன். கஞ்சியில் பாதித் தண்ணீருக்குப் பதில் பால். கொதி அடங்கியதும் ஒரு ஸ்பூன் முளைகட்டிய கேழ்வரகு மாவு. (கருக வறுத்த மாவு உதவாது, நொதி செத்துவிடும்.) கஞ்சி இளகியதும் மறுபடி ஒரு கொதி. இறக்கி இரண்டு ஸ்பூன் வறுத்த நிலக்கடலைப் பொடி, ஒரு ஸ்பூன் நெய். கிண்ணம் அதேதான், கலோரி சுமார் 200 கூடியது. இட்லிக்குப் பொடியோடு நல்லெண்ணெய், பருப்புச் சாதத்தில் நெய், நடுவில் வாழைப்பழம், மாலையில் எள்ளுருண்டை. சாப்பாட்டுக்கு முன் தண்ணீர், காபி கொடுப்பதை நிறுத்தினேன். அவை வயிற்றில் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. டி.வி.க்கு எதிரே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவரோடு நானும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரில் இல்லை, பக்கத்தில்.

இரண்டு மாதத்தில் 43 கிலோ. அவசரமில்லை.

ஒரு எச்சரிக்கை. காரணம் தெரியாமல் எடை குறைந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பல நாள் சாப்பிடாமல் கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் தாதுக்கள் சரிந்து இதயம் வரை பாதிக்கும். பெல்சன் சொன்னது அதுதான். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நான் செய்ததை அப்படியே செய்ய வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.

வீட்டில் வயதான அம்மாவோ அப்பாவோ தட்டைத் தள்ளினால் "பிடிவாதம்" என்று கோபப்படாதீர்கள். நானும் அப்படித்தான் கோபப்பட்டேன். தவறு கிண்ணத்தில் இருந்தது, அக்காவிடம் இல்லை.

நேற்று எள்ளுருண்டை டப்பாவைத் திறந்தேன், காலி. கேட்டதற்கு, "அதுக்கும் அட்டெண்டன்ஸ் எடுப்பியா?" என்றார் அக்கா.

உங்கள் வீட்டில் பசி குறைந்தவர்களுக்கு என்ன செய்து கொடுக்கிறீர்கள்? எழுதுங்கள், அக்காவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்