விறைப்பு 500

என் கார்பன் அம்புத் தண்டில் 500 என்று அச்சிட்டிருக்கிறது. நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் டயல் கேஜும் மைக்ரோமீட்டருமாகக் காலம் தள்ளுகிறவனுக்கு இந்த எண் உடனே பிடித்துப்போயிற்று. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள். அவற்றின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அரை அங்குலம் தொய்கிறது. அங்குலத்தின் ஆயிரத்தில் 500 பங்கு, அதுதான் கணக்கு. எண் கூடினால் தண்டு குழைவு, குறைந்தால் விறைப்பு.

இப்படி எண்ணால் சொல்லும் பழக்கம் போன நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன்னால் குத்துமதிப்பாகத்தான் எய்தார்கள் என்று யாராவது சொன்னால், எங்கள் ஆற்றையே சாட்சிக்குக் கூப்பிடுவேன். ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் படித்துறையில் ஓடும் கபிலை, வயநாட்டில் பனமரம் ஆறும் மானந்தவாடி ஆறும் கூடிப் பிறப்பது. அந்தப் பனமரத்தில் 1802 அக்டோபர் 11 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் காவல்படையை எடச்சன குங்கனும் தலக்கல் சந்துவும் தாக்கினார்கள். உடன் போனவர்கள் சுமார் 150 குறிச்சியர் பழங்குடியினர், வில்லும் அம்புமாக. பம்பாய் காலாட்படையினர் எழுபது பேர்வரை மாண்டார்கள். கேப்டன் டிக்கன்சனும் லெப்டினன்ட் மாக்ஸ்வெல்லும் அதில் அடக்கம். 112 துப்பாக்கிகள் குறிச்சியர் கைக்கு வந்தன. இந்தத் தாக்குதல் இடம்பெற்ற பழசி ராஜாவின் போரை எழுதுகிறவர்கள் தலைவர்களைப் பேசுகிறார்கள், வில்லைக்கூடப் பேசுகிறார்கள். அம்பு செய்தவனை யாரும் பேசுவதில்லை.

வித்தை முழுக்க அவனிடம்தான் இருந்தது. நடுவில் வெட்டில்லாத வில்லில் அம்பு பிடியின் பக்கவாட்டில் நிற்கும். நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாயும். அந்தத் தள்ளலில் தண்டு வளைந்து, பாம்புபோல் நெளிந்து வில்லைத் தாண்டி, அதன்பிறகே நிமிர்ந்து பறக்கும். நெளிவு வில்லின் பலத்துக்குப் பொருந்த வேண்டும். மூங்கிலிலோ நாணலிலோ அது தண்டுக்குத் தண்டு மாறும். கையால் வளைத்துப் பார்ப்பது, எய்து பார்ப்பது, ஒத்துப்போகிறவற்றை ஒன்றாகக் கட்டிவைப்பது. வேறு வழி கிடையாது. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த கதையைப் புறநானூற்றில் படிக்கும்போதெல்லாம், அந்தத் தண்டு என்ன விறைப்பு என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

இந்த நெளிவை வேகக் கேமராவில் பிடித்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன். பெல் ஆய்வுக்கூடத்துக்காரர். அதற்கும் முன்பு, 1918-ல், ராபர்ட் கோடார்டுடன் ராக்கெட் வேலை பார்த்து, வெடிவிபத்தில் விரல்களை இழந்தவர். ராக்கெட்காரர் அம்புக்கு வந்ததில் மைசூர்ப் பக்கத்து ஆளுக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் ஸ்ரீகண்டேஸ்வரருக்குப் பச்சை லிங்கம் காணிக்கை கொடுத்ததாகக் கோயிலில் சொல்லப்படும் திப்பு சுல்தானின் ராக்கெட், இரும்புக் குழாயோடு மூங்கில் கழியைக் கட்டியதுதான். கழி சரியில்லை என்றால் அது போகிற திசையை யாரும் சொல்ல முடியாது.

மற்றது சுருக்கமான கதை. டக் ஈஸ்டன் 1939-ல் அலுமினிய அம்பு செய்தார். 1941-ல் லாரி ஹியூஸ் அதை வைத்து அமெரிக்க சாம்பியன் ஆனார். 1980-களில் கார்பன் வந்தது. மூங்கில் போய்விடவில்லை: நம் தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் பிரிவில் 30, 50 மீட்டர் இலக்குகளுக்கு இன்னும் மூங்கில் வில்லால் எய்கிறார்கள்.

எண் அச்சாகிவிட்டதால் பழைய வேலை ஒழிந்ததா என்றால், இல்லை. டயல் கேஜ் சொல்வது படுத்துக்கிடக்கும் தண்டின் விறைப்பு. நாணில் ஏறியபின் தண்டின் நீளமும் முனையின் எடையும் அதை மாற்றிவிடுகின்றன. என் 40 பவுண்டு ரிகர்வ் வில்லில் 30 அங்குலத் தண்டு, 100 கிரெயின் முனை. இறகு ஒட்டாத அம்பு இடப்பக்கம் ஒதுங்கிக் குத்தியது. நான் வலக்கைக்காரன், ஆக விறைப்பு அதிகம். 175 கிரெயின் முனையைத் திருகியதும் இறகுள்ள அம்புகளோடு வந்து சேர்ந்தது. இதில் ஒரு பொல்லாத விஷயம்: மிகவும் குழைந்த தண்டும் வில்லின் பக்கத்தில் இடித்து இடப்பக்கமே தெறிக்கும். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் விறைப்பு என்று நம்பி முனையின் எடையைக் கூட்டாதீர்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் முழு நீளத் தண்டாகவே வாங்குங்கள். இறகு ஒட்டுமுன் எய்து பாருங்கள். முதலில் முனையை மாற்றுங்கள். அதிலும் சரிவராமல் தண்டு குழைவாகவே இருந்தால் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். பழைய வில்லாளிகளை நினைத்துப் பார்க்க விரும்பினால், பனமரத்தில் தலக்கல் சந்துவின் நினைவிடம் இருக்கிறது, குண்டலுப்பேட்டை வழியாகப் போய்வரலாம். காலையிலேயே கிளம்புங்கள், பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு அடைத்துவிடுவார்கள்.