ஒத்துக்காரரின் மூச்சு

கர்நாடக இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாக்கேயக்காரர்களையும் கீர்த்தனைகளையும் வைத்தே தொடங்குகிறார்கள். காவிரிக்கரையில் ராக ஆலாபனை அத்தனை விரிவாக வளர்ந்தது ஏன் என்பதற்கு அந்த வரலாற்றில் போதுமான பதில் இல்லை. கீர்த்தனைக்குச் சொல் உண்டு, அளவு உண்டு. புறப்பாட்டு மல்லாரி முடிந்து சாமி வீதிக்கு வந்தபின், அடுத்த மண்டகப்படியில் சாமி நிற்கும் வரைக்கும் ஆலாபனை செய்கிற நாதஸ்வரக்காரருக்கு அவை இரண்டும் இல்லை. அவரிடம் இருப்பது ஒரு ராகமும் தம்முடைய மூச்சும். ஆலாபனைக்கு அந்த உருவத்தைக் கொடுத்ததில் மூச்சுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

இதற்கு முதல் சாட்சி வாத்தியமே. ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, அடியில் அணசு, தலையில் கெண்டை, அதில் செருகிய சீவாளி. விரல்கள் ஆள்வது ஏழு துளைகளை. கீழே உள்ளவை சுருதி சேர்ப்பதற்கு. நாணல் தட்டையைப் பதப்படுத்திச் செய்த சீவாளியை வாயில் வைத்து நனைத்து, ஊசியால் அதன் வாயைத் திறந்து, ஊதிப் பார்த்து, சரிப்படாவிட்டால் கயிற்றில் தொங்கும் அடுத்ததை எடுப்பார்கள். இவ்வளவு பாடும் மூச்சின் பிடிக்காகத்தான். ஏழு துளைகளில் எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களும் பேச வேண்டுமானால், ஒரே துளை ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்வரங்களைத் தந்தாக வேண்டும். அதைச் செய்வது உதட்டின் அழுத்தமும் காற்றின் வேகமும். தோடியின் காந்தாரம் அசைகிறதென்றால், அங்கே அசைவது விரல் மட்டுமல்ல, ஊதுகிறவரின் அடிவயிறும்தான். ஸ்வரத்தைத் திறப்பது விரல். கமகத்தை எழுதுவது மூச்சு. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), உச்ச சுருதியில் பேசும் குட்டையான திமிரி நாயனத்தை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாயனத்துக்கு மாறியதையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். சுருதி இறங்கியது, நாதத்துக்குக் கனம் கூடியது, நிதானமான நீண்ட பிடிகளுக்கு, அதாவது ராகத்தின் ஸ்வரக் கோவைகளுக்கு, இடம் கிடைத்தது.

மூச்சுக்கு எல்லை உண்டே, அது எப்படி நீண்ட ஆலாபனையைத் தாங்கும் என்று கேட்கலாம். அதற்குப் பதில் மேளக் குழுவில் பக்கத்தில் நின்ற ஒத்துக்காரர். ஒத்து என்பது பார்வைக்கு நாதஸ்வரம் போலவே இருக்கும். விரலுக்கு வேலை கிடையாது. ஒரே ஆதார ஸ்வரம், இடைவெளியே இல்லாமல். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் புது மூச்சை இழுத்துக்கொள்வார் ஒத்துக்காரர். உருப்படி முடியும்வரை அந்த நாதம் அறக்கூடாது. நாயனக்காரர் ஒரு பிடியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் வெறுமை விழுவதில்லை. ஆதார ஸ்வரம் அங்கே நின்றுகொண்டிருக்கிறது. கேட்கிறவர் காதில் ராகம் அறுபடவே இல்லை. ஒருவருடைய மூச்சின் நீளம் பிடியின் அளவை வகுத்தது. இன்னொருவருடைய ஓயாத மூச்சு அந்தப் பிடிகளை ஒரே ஓட்டமாகக் கேட்கவைத்தது.

இதையெல்லாம் உண்டாக்கியது கோயில் நடைமுறைதான், ஊர்வலம் நீண்டதால் ஆலாபனையும் நீண்டது என்ற வாதம் வலுவானது. மானியமும் ஆதீனங்களின் ஆதரவும் மிராசுதாரர்களின் ரசனையும் இல்லாமல் இந்தக் கலை நின்றிருக்காது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் நேரம் இருந்தது என்பது ஒரு காரணமே தவிர, அந்த நேரம் எதனால் நிரம்பியது என்பதற்கு விளக்கம் அல்ல. பத்து உருப்படிகளைத் திருப்பித் திருப்பி வாசித்தும் ஊர்வலத்தை ஒப்பேற்றியிருக்கலாம். சொல் வெளியே கேட்காத வாத்தியத்தில், ஒரு மூச்சுக்குள் ராகத்தை எவ்வளவு திறந்து காட்டலாம் என்ற முயற்சிதான் ஆலாபனையை வளர்த்தது. வயலினுக்கு மூச்சில்லையே, அதிலும் அதே ஆலாபனை வருகிறதே என்பார்கள். வயலின் இங்கே பாட்டின் பின்னால் போகப் பழகிய வாத்தியம். பாடகர்களோ நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்: ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பாட்டில் நாதஸ்வரப் பிடிகள் தெளிவாகவே தெரியும்.

இந்த வரலாற்றில் நமக்கு நேர்ந்த நஷ்டம் ஒத்து. சுருதிப் பெட்டி வந்தது, பிறகு மின்சாரத்தில் இயங்குவதும் வந்தது. ஓர் ஆளின் கூலி மிச்சம். மேளக்காரர்களுக்குக் கிடைத்துவந்த வருமானத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. சீவாளி ஈரமேற ஏற நாயனத்தின் சுருதி சற்றே நகரும். ஒத்திலும் சீவாளிதான் இருப்பதால் ஒத்துக்காரரால் உதட்டைத் தளர்த்தியோ இறுக்கியோ கூடவே நகர முடியும். பெட்டி நகராது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்தி. மரமும் கைவேலையும் கவனிக்கப்பட்டுவிட்டன. மூச்சுக்கு அப்படிக் குறியீடு எதுவும் கொடுக்க முடியாது, கற்றுக்கொடுக்கத்தான் முடியும். நாதஸ்வரம் சொல்லிக்கொடுக்கும் இசைப்பள்ளிகள் மாணவர்களுக்கு முதல் ஒரு வருஷமாவது ஒத்து ஊதவும் பயிற்சி கொடுக்க வேண்டும். பெரிய கோயில்கள் திருவிழாக் காலத்திலாவது ஒத்துக்காரர் ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும்.