முதிய நாய்களில் பசியின்மை

முதிய நாய்களில் பசியின்மை என்பது, அகவை முதிர்ந்த வளர்ப்பு நாய் வழக்கமாக உண்ணும் அளவைவிடக் குறைவாக உண்பதையோ உணவை முற்றிலும் மறுப்பதையோ குறிக்கும். இது தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியாகும். முதுமையில் நடமாட்டம் குறைவதால் நாயின் ஆற்றல் தேவை ஓரளவு குறைவது உண்மையே. எனினும் முதுமை மட்டுமே ஒரு நாயை நாள் முழுவதும் உணவுத் தட்டிலிருந்து விலக்கி வைப்பதில்லை. வயதாகிவிட்டதால் உண்ணவில்லை என்று கருதி விடப்படும் நாய்களுள் பலவற்றுக்கு, மருத்துவத்தால் குணப்படுத்தவோ தணிக்கவோ கூடிய பல்நோய், உண்ணிக் காய்ச்சல், சிறுநீரக நோய் போன்றவை இருக்கக்கூடும்.

நாயின் முதுமை எந்த வயதில் தொடங்குகிறது என்பது அதன் உடலளவைப் பொறுத்தது. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எதிர்பார்க்கப்படும் ஆயுளின் கடைசிக் காற்பகுதியை முதுமை என வரையறுத்தது. இதன்படி கிரேட் டேன் போன்ற பேரின நாய் 6 அல்லது 7 வயதிலேயே முதியதாகிவிடும்; பொமரேனியன் போன்ற சிற்றின நாய் 10 வயதைக் கடந்த பின்னரே அந்நிலையை எட்டும்.

உண்ண விரும்பாமையும் உண்ண இயலாமையும்

மருத்துவ நூல்கள் பசியின்மையை மூன்றாகப் பிரிக்கின்றன. உணவின் அளவு குறைவது பசிக்குறைவு. எதையும் உண்ணாதிருப்பது முழுப் பசியின்மை. வழக்கமான உணவை மறுத்து வேறு சிலவற்றை மட்டும் தேர்ந்து உண்பது பசி மாறுபாடு. "சோற்றைத் தொடுவதில்லை, பிஸ்கட்டு மட்டும் தின்கிறது" என்று வீட்டார் கூறுவது மூன்றாம் வகையைச் சேர்ந்தது. இதனை நாயின் பிடிவாதம் என்று எண்ணுவது வழக்கம். ஆனால் இளமையில் எதையும் உண்ட நாய் முதுமையில் திடீரெனத் தேர்ந்து உண்ணத் தொடங்கினால் அது பெரும்பாலும் பிடிவாதமன்று.

நோயறிதலுக்கு இதனினும் பயனுள்ள பிரிவு ஒன்று உண்டு. நாய்க்குப் பசியே இல்லையா, அல்லது பசியிருந்தும் உண்ண முடியவில்லையா என்பதே அது. தட்டை நோக்கி ஆவலுடன் வந்து, ஒரு வாய் கவ்வி, கீழே போட்டுவிடும் நாய்க்குப் பசி இருக்கிறது. குறை வாயிலோ தாடையிலோ தொண்டையிலோ உள்ளது. உணவின் மணம் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டை அடிக்கடி நக்கி, எச்சில் வடித்து, புல்லைத் தின்னும் நாய்க்குக் குமட்டல் இருக்கலாம். தட்டு வரை வந்தும் குனியத் தயங்கும் நாய்க்குக் கழுத்திலோ முன்னங்கால் மூட்டிலோ வலி இருக்கக்கூடும். பார்வை மங்கிய நாய்க்குத் தட்டு இருக்குமிடமே தெரியாமல் போகலாம். மருத்துவரிடம் செல்லுமுன் வீட்டார் இவற்றை இரண்டொரு வேளை கவனித்து வைப்பது ஆய்வின் பாதியை எளிதாக்கும்.

பசி உணர்வின் இயக்கம்

பசியை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி கட்டுப்படுத்துகிறது. வெறும் வயிற்றில் இரைப்பை சுரக்கும் கிரெலின் என்னும் இயக்குநீர் பசியைத் தூண்டுகிறது. இது 1999 இல் சப்பானிய அறிவியலாளர்களால் கண்டறியப்பட்டது. நாட்பட்ட அழற்சியிலும் புற்றுநோயிலும் உடலில் உருவாகும் சைட்டோக்கைன்கள் இத்தூண்டலை அடக்குகின்றன. இந்நிலையில் உள்ள நாய் பட்டினியை உணர்வதில்லை. எனவே பசித்தால் தானாகவே உண்ணும் என்று காத்திருப்பது இங்குப் பொருந்தாது.

நாய் உணவைப் பெரிதும் மூக்கினால் தேர்கிறது. மனித நாவில் ஏறத்தாழ 9,000 சுவைமொட்டுகள் உள்ளன எனில் நாயின் நாவில் சுமார் 1,700 மட்டுமே உள்ளன. முதுமையில் மோப்ப ஆற்றல் குறையும்போது உணவின் கவர்ச்சியும் குறைகிறது.

முதன்மைக் காரணங்கள்

பல் மற்றும் ஈறு நோய்கள் மிகப் பரவலானவை. நாய்க்கு 42 நிலைப்பற்கள் உள்ளன. வாழ்நாள் முழுவதும் துலக்கப்படாத பற்களில் காரை படிந்து, ஈறு விலகி, வேரில் சீழ் பிடிக்கிறது. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழே வீக்கம் தோன்றும். இதனைக் கண்நோய் என்று கருதிச் சொட்டு மருந்து இடுவோரும் உண்டு. கெட்ட பற்களை அகற்றிய சில நாட்களிலேயே பல நாய்கள் முன்போல் உண்ணத் தொடங்குகின்றன. முதிய நாய்க்கு மயக்க மருந்து கூடாது என்ற அச்சத்தால் இம்மருத்துவம் தள்ளிப்போடப்படுகிறது. குருதி ஆய்வுக்குப் பின்னர் கவனத்துடன் தரப்படும் மயக்கத்தைவிட, ஆண்டுக்கணக்கில் சீழ்பிடித்த வாயே பல நாய்களுக்கு மிகுந்த தீங்கு விளைவிக்கிறது.

நாட்பட்ட சிறுநீரக நோய் மெதுவாக வளர்வது. சிறுநீரகத்தின் செயற்றிறனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இழக்கப்படும் வரை குருதியில் கிரியேட்டினின் அளவு தெளிவாக உயர்வதில்லை. அதற்கு முன்பே நாய் மிகுதியாக நீர் பருகி மிகுதியாகச் சிறுநீர் கழிக்கத் தொடங்கியிருக்கும். நோய் முற்றும்போது கழிவுப்பொருட்கள் குருதியில் தேங்கிக் குமட்டலையும் வாய்ப்புண்ணையும் உண்டாக்குகின்றன. மூச்சில் அம்மோனியா போன்ற வாடை வீசும். இந்நோய்க்குப் பாசுபரசும் புரதமும் மட்டுப்படுத்தப்பட்ட உணவு பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் குமட்டல் மிகுந்த நாட்களில் அவ்வுணவை வற்புறுத்திப் புகுத்தினால், நாய் அதன் மணத்தை நோயுடன் இணைத்துக்கொண்டு பின்னர் அதை அறவே வெறுத்துவிடும். எனவே குமட்டலை அடக்கிய பின்னரே சிறுநீரக உணவு சிறிது சிறிதாகக் கலந்து பழக்கப்படுகிறது. அதுவரை, உகந்த உணவை உண்ணாதிருப்பதைவிட உகந்ததல்லாத உணவைச் சிறிது உண்பது மேல் என்பது நடைமுறை விதி.

உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாடு, இலங்கை போன்ற வெப்ப நாடுகளில் முதலில் ஐயுறவேண்டிய ஒன்றாகும். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கேனிசு என்னும் நுண்ணுயிரி 1935 இல் அல்சீரியாவில் விவரிக்கப்பட்டது. பல நாய்களில் இது அறிகுறியின்றி நெடுநாள் தங்கி, பின்னர் பசியின்மை, மெலிவு, குருதிச்சோகை, மூக்கில் குருதி வடிதல் என வெளிப்படுகிறது. டாக்சிசைக்கிளின் 28 நாட்கள் தரப்படுவது வழக்கமான மருத்துவம். இம்மருந்தே குமட்டலை ஏற்படுத்தும் என்பதால் உணவுடன் தரப்படுகிறது. பாலுடன் தந்தால் மருந்து உறிஞ்சப்படுவது குறையும்.

கருத்தடை அறுவை செய்யப்படாத முதிய பெண் நாய் உண்ண மறுத்து, மிகுதியாக நீர் பருகினால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கக்கூடும். பருவத்திற்கு வந்த சில வாரங்களுக்குப் பின் இது நேர்கிறது. பிறப்புறுப்பில் சீழ் வடியாமலும் இருக்கலாம். அவ்வகையே மிகவும் இடர்மிக்கது. கருப்பையை அறுவை மூலம் அகற்றுவதே இதற்கு உறுதியான மருத்துவமாகும்.

இவை தவிர கல்லீரல் நோய், கணைய அழற்சி, இதயச் செயலிழப்பு, மண்ணீரல் உள்ளிட்ட உறுப்புகளில் தோன்றும் புற்றுகள், மூட்டுவாதம் ஆகியனவும் காரணமாகலாம். அறிவாற்றல் குன்றிய முதிய நாய் இரவில் நோக்கமின்றி நடந்து, உண்ணும் நேரத்தை மறந்துவிடுவதுண்டு. வலிநீக்கிகளும் சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் இதய மருந்துகளும் பசியைக் குறைக்கும். ஒரே வீட்டில் வாழ்ந்த மற்றொரு நாய் இறந்தபின் உணவு குறைவதும் உண்டு. 2022 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில் நாய் வளர்ப்போர் பலர் இதனைத் தெரிவித்தனர். ஆனால் துக்கம் என்று முடிவு செய்யும் முன் உடல்நோய் இல்லை என்பது உறுதி செய்யப்படவேண்டும்.

எப்போது காத்திருக்கலாகாது

நலமான இளநாய் ஒருவேளை உணவைத் தவிர்ப்பது கவலைக்குரியதன்று. கோடை வெப்பத்தில் எல்லா நாய்களும் சற்றுக் குறைவாகவே உண்ணும். முதிய நாய் 24 மணிநேரம் எதையும் உண்ணாதிருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். பசியின்மையுடன் தொடர் வாந்தி, வெளிறிய ஈறு, மூச்சுத் திணறல், சிறுநீர் கழியாமை, வயிறு உப்பி ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவராமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அது அவசர நிலையாகும். இன்சுலின் பெறும் நீரிழிவு நாய் உண்ணாதபோது வழக்கமான அளவு ஊசியை இட்டால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம்; மருத்துவரைக் கேட்ட பின்னரே இடவேண்டும்.

மருத்துவர் வாய், ஈறு, வயிறு ஆகியவற்றைச் சோதித்து, எடையைப் பார்த்து, குருதி, சிறுநீர் ஆய்வுகளையும் தேவைப்படின் எக்சு-கதிர், மீயொலி ஆய்வுகளையும் மேற்கொள்வார். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் நாய்கள் மருத்துவத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. இடையில் கடையில் வாங்கிய பசி டானிக்குகளைக் கொடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் நாட்களை வீணாக்குவதிலேயே முடிகிறது. மனிதருக்கான சில பாகு மருந்துகளில் நாய்களுக்கு நஞ்சாகும் சைலிட்டோல் என்னும் இனிப்பூட்டி இருப்பதும் கருதத்தக்கது.

உணவூட்டும் முறைகள்

நோய்க்கான மருத்துவம் நடைபெறும்போதே உணவூட்டலும் நடைபெறவேண்டும். ஓய்விலிருக்கும் நாயின் ஆற்றல் தேவையைக் கணக்கிட, கிலோகிராமில் உள்ள உடல் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70 ஆல் பெருக்குவர். இதன்படி 10 கிலோகிராம் எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 390 கிலோகலோரியும், 20 கிலோகிராம் நாய்க்கு ஏறத்தாழ 660 கிலோகலோரியும் தேவை. ஒரு கோப்பைச் சோறும் இரண்டு அவித்த முட்டைகளும் சேர்ந்து சுமார் 350 கிலோகலோரி தருகின்றன. இது நெடுங்காலத்துக்கு நிறைவான உணவாகாது; எனினும் 10 கிலோகிராம் நாயின் ஒரு நாள் தேவை எவ்வளவு சிறியது என்பதை இது காட்டுகிறது. பெரிய தட்டை நிரப்பி வைத்துவிட்டு மலைப்பதற்குப் பதிலாக, இவ்வளவை நான்கைந்து வேளையாகப் பிரித்துத் தரலாம்.

உணவை உடல் வெப்பத்துக்கு, அதாவது ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு, இளஞ்சூடாக்கினால் மணம் எழும். எலும்பு நீக்கிய கோழி அல்லது மீனை வேகவைத்த நீரைச் சோற்றின் மேல் ஊற்றிக் குழையப் பிசைவது எளிய, பயனுள்ள முறையாகும். குமட்டல் உள்ள நாய்க்கு மட்டும் மணம் குறைந்த, ஆறிய உணவு சில நேரங்களில் ஏற்புடையதாக இருக்கும். மூட்டுவலி உள்ள நாய்க்குத் தட்டைச் சிறு பலகையின் மேல் வைத்து, வழுக்காதபடி கீழே சாக்கு விரிக்கலாம். வீட்டின் பிற நாய்களிடமிருந்து விலக்கி அமைதியான இடத்தில் ஊட்டுவதும் கையால் ஊட்டுவதும் உதவும். 20 நிமிடங்களில் உண்ணாவிட்டால் தட்டை எடுத்துவிட்டுப் பின்னர் புதிதாக வைக்கவேண்டும். ஈ மொய்க்கும் உணவை நாள் முழுதும் முன்னால் வைத்திருப்பது வெறுப்பையே வளர்க்கும்.

பசியைத் தூண்டும் நோக்கில் வீட்டுக் குழம்பைச் சோற்றில் கலப்பது நம்மிடையே பரவலாக உள்ள வழக்கம். சாம்பாரிலும் கறிக்குழம்பிலும் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும் இத்தன்மை மாறாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட்டு ஆகியனவும் நஞ்சாகும். கொழுப்புத் தோலுடன் கூடிய இறைச்சி கணைய அழற்சியைத் தூண்டலாம். வெந்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். வலியால் உண்ணவில்லை என்று கருதிப் பாராசிட்டமால், ஐபுப்ரோபென், டைக்குளோபினாக் போன்ற மனித மாத்திரைகளைத் தருவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

வாயைத் திறந்து உணவைத் திணிப்பதையும் மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை. உணவு மூச்சுக்குழலுக்குள் சென்று நுரையீரல் அழற்சியை ஏற்படுத்தலாம்; உணவின் மீதான வெறுப்பும் வலுப்படும். பல நாட்கள் உண்ணாத நாய்க்கு மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ உணவுக்குழாய் பொருத்தப்படுகிறது. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் பெரும்பாலான நாய்கள் இக்குழாயை எளிதில் பொறுத்துக்கொள்கின்றன. நெடுநாள் பட்டினியிருந்த உடலுக்கு ஒரேநாளில் முழு அளவு உணவு தந்தால் குருதியில் பாசுபரசு, பொட்டாசியம் ஆகியவற்றின் அளவு ஆபத்தாகத் தாழும். ஆகவே அளவு சில நாட்களில் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. கணைய அழற்சியில் நாயைப் பல நாட்கள் பட்டினியிடும் பழைய முறையும் கைவிடப்பட்டு, வாந்தியை அடக்கி விரைவில் உணவூட்டுவதே இன்று ஏற்கப்படுகிறது.

மருந்துகள்

மாரோப்பிடன்ட் என்னும் வாந்தியடக்கி நாய்களில் பரவலாகப் பயன்படுகிறது. மிர்ட்டாசப்பின் என்னும் மனச்சோர்வு மருந்து பசியைத் தூண்டும் பக்கவிளைவுக்காகத் தரப்படுவதுண்டு. நாய்களின் பசியைத் தூண்டுவதற்கென்றே உருவான காப்ரோமோரெலின் 2016 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கிரெலின் செயற்படும் அதே ஏற்பிகளில் இதுவும் செயற்படுகிறது. பசியைத் தூண்டும் மருந்து, காரணத்தைக் கண்டறிவதற்கு மாற்றாகாது. சொத்தைப் பல்லுடைய நாய்க்குப் பசியை மட்டும் கூட்டுவது அதன் துன்பத்தையே கூட்டும்.

இறுதி நிலை

குணப்படுத்த இயலாத நோயில் பசியின்மை இறுதிக்கட்டத்தின் அடையாளமாகவும் வரலாம். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிசு வில்லலோபோசு 2004 இல் வாழ்தர அளவுகோல் ஒன்றை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுந்திருத்தல் என்னும் ஏழு கூறுகளுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பிடப்படுகிறது. மொத்தம் 70 இல் 35 ஐ விஞ்சினால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அதன் கருத்து. ஒரே நாளில் மதிப்பிடுவதைவிட, நாட்காட்டியில் நாள்தோறும் குறித்து இரண்டு மூன்று வாரப் போக்கைப் பார்ப்பது வீட்டாருக்குத் தெளிவைத் தரும். தினமும் நாயுடன் இருப்பவர்களுக்கு மெலிவு கண்ணில் படுவதில்லை. வாரம் ஒருமுறை எடை பார்ப்பது இதற்காகவே.

கருணை மரணம் பற்றிய முடிவு மருத்துவருடன் கலந்து வீட்டார் எடுக்கவேண்டியது. மயக்க மருந்து மிகையளவில் நாளத்துள் செலுத்தப்பட்டு, நாய் முதலில் நினைவிழந்து பின்னர் உயிர் பிரிகிறது. அம்முடிவைச் சமயம், மனச்சான்று முதலிய காரணங்களால் ஏற்காத குடும்பங்களும் பல உள்ளன. அவ்வீடுகளில் வலிநீக்கமும் குமட்டல் அடக்கமும் தொடரவேண்டும். இறக்கும் தறுவாயிலுள்ள நாயை உண்ண வற்புறுத்தாமல், ஈரத்துணியால் வாயை நனைத்து, சில மணிநேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது வழக்கம்.

உணவை மட்டுமே அளவுகோலாகக் கொள்வதில் ஓர் இடர் உண்டு. நாய்களுக்கிடையே பசியின் அளவு பிறப்பிலேயே வேறுபடுகிறது. இலாபிரடோர் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியடங்கும் உணர்வைக் குறைக்கும் மரபணு மாற்றம் உள்ளதென 2016 இல் கேம்பிரிட்ச்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். உணவில் இத்தகைய நாட்டமுள்ள நாய் எழுந்து நிற்க இயலாத வலியிலும் நீட்டிய முட்டையை வாங்கி உண்பதுண்டு.