முருகைக்கல்லும் ஆடுற பல்லும்

தூத்துக்குடின்னா முத்து, உப்புன்னுதான் எல்லாரும் எழுதுவாங்க. நான் எழுதப்போறது முருகைக்கல் பத்தி. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுத்தியிருக்கிற பவளப்பாறைதாங்க அது. பல வருஷம் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் போட்டோம்.

இதுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. ஈறு நோய் முத்தினா பல்லைத் தாங்குற எலும்பு கரைஞ்சிடும். பல் ஆடும். போன எலும்பு தானா திரும்பாது. 1974-இல் அமெரிக்காவில் டெல்லா ராய், சாரி லின்னஹன் இருவரும், பவளத்தோட நுண்துளைகள் கலையாம, அதன் சுண்ணாம்பை எலும்பிலுள்ள தாதுவா மாத்திக் காட்டினாங்க. பின்னாடி அந்த மாதிரித் துகளைப் பல் மருத்துவர்கள், ஈறைத் திறந்து சுத்தம் செஞ்ச பள்ளத்தில் நிரப்பினாங்க. துளை வழியா ரத்தக்குழாய் நுழையும், எலும்பு படரும். சாரம் கட்டுற மாதிரி.

ஆனா பள்ளம் நிரம்பினா மட்டும் போதாது. வேரையும் எலும்பையும் இணைக்கிற நாரும் வளரணும். அதுக்குள்ள ஈறுத்தோல் முந்திக்கிட்டு இறங்கிடும். 1982-இல் ஸ்வீடனின் ஸ்டூரே நைமன் குழு நடுவில் ஒரு சவ்வை வெச்சு அதைத் தடுத்தது. நாருக்கு இடம் கிடைச்சுது.

நம்ம கடல்லயும் தாங்குறது போச்சு. பவளம் வெட்டினதில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டின்னு ரெண்டு தீவு முழுகிடுச்சு. 2001-இல்தான் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2002-லேர்ந்து தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார், உயிருள்ள பவளத் துண்டுகளைச் சட்டத்தில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறாங்க. இங்கயும் முதல்ல சாரம்தான் வேண்டியிருக்கு.