கழங்காடிய கரை

மாமல்லபுரத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியது: எந்தக் குடைவரையை எந்த மன்னன் எடுப்பித்தான்? மகேந்திரனா, மாமல்லனா, இராசசிம்மனா என்ற வழக்கு, எல்லாமே இராசசிம்மன் படைப்பு என்று 1962இல் இரா. நாகசாமி வாதிட்ட பிறகு இன்னும் சூடுபிடித்தது. சிற்பத்தின் தூணையும் முடியையும் ஆடை மடிப்பையும் வைத்து அறிஞர்கள் நடத்திய அந்த வழக்கு சுவையானது. ஆனால் அந்த ஊரிலும் அதைச் சூழ்ந்த செங்கல்பட்டுச் சீமையிலும் குழந்தைகள் என்ன விளையாடினார்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. மன்னனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. விளையாட்டுக்கு யார் கல்வெட்டு வெட்டுவார்கள்?

சான்றே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பல்லவர்களுக்கும் முற்பட்ட சான்று பத்துப்பாட்டிலேயே இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பாணனைக் காஞ்சிக்கு வழிப்படுத்தும் நூல். வழியில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருகிறது. அது மல்லையே என்பார் சிலர். பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டி, அகழாய்வில் மேலைநாட்டு மதுச்சாடித் துண்டுகளைத் தந்த வசவசமுத்திரமே என்பார் வேறு சிலர். எதுவாயினும் அது இன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைதான். அங்கே மாடமாளிகைப் பெண்கள் பந்தடித்துக் களைத்தபின், முத்துப் போன்ற மணலில் அமர்ந்து பொன்னாற் செய்த கழங்குகளை வைத்து ஆடுகிறார்கள். அடுத்துச் சில அடிகளில்தான் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கெரியும் உயர்ந்த மாடம் வருகிறது. வரலாற்று நூல்கள் அந்தக் கலங்கரை விளக்கத்தைத் தவறாமல் எடுத்துக்காட்டுகின்றன. கழங்கை விட்டுவிடுகின்றன.

கழங்கு என்பது அடிப்படையில் கழற்சிக்காய். முள் நிறைந்த காய்க்குள் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, உருண்டையாக இருக்கும் விதை. மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையில் கிடப்பதை அள்ளிப் பிடிக்க வேண்டும். செல்வர் வீட்டில் அது பொன்னாயிற்று. ஏனையோர் வீட்டில் விதையாகவே இருந்தது. பின்னாளில் கூழாங்கல்லாகி அஞ்சாங்கல், ஏழாங்கல் என்று எண்ணிக்கையால் பெயர் பெற்றது. பொருள் மாறியதே தவிர, கையின் அசைவு மாறவில்லை. ஒரு கோயிலின் கட்டடக் கலையில் ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சியைக் காட்டுவது கடினம். தெருத் திண்ணையில் அஞ்சாங்கல் ஆடிய சிறுமியின் கையில் அந்தத் தொடர்ச்சி எளிதாகக் கிடைத்தது.

அதே நூலில் இன்னொரு காட்சி. உழவர் ஊரில் தச்சர்கள் செய்து தந்த, ஏறிச் செல்ல முடியாத சிறுதேரைக் குழந்தைகள் உருட்டிக்கொண்டு திரிகிறார்கள். நடைதளர்ந்ததும் செவிலித்தாயரிடம் பாலுண்டு படுக்கையில் உறங்கிப்போகிறார்கள். பட்டினப்பாலையும் இவர் பாடியதே என்பது மரபு. அங்கேயும் முற்றத்தில் ஒரு முக்கால் சிறுதேர் உண்டு. சிறுதேர் பின்னால் பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய பருவமாகவே நிலைபெற்றுவிட்டது.

தச்சரிடம் தேர் செய்து வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பனைமரம் இருந்தது. சதுரங்கப்பட்டினம் முதல் கடப்பாக்கம் வரை கடற்கரை மணல்மேட்டில் வரிசையாகப் பனைகள் நிற்கும். நுங்கு குடைந்து தின்றபின் மிஞ்சும் இரண்டு கூந்தல்களை ஒரு குச்சியால் இணைத்து, நடுவே கவைக்கோலைக் கொடுத்துத் தள்ளினால் அதுதான் வண்டி. கோடை தொடங்கியதும் ஊரெங்கும் இவ்வண்டிகள் ஓடும். நுங்கு காய்ந்து சுருங்கியதும் வண்டியின் ஆயுள் முடியும். மறுநாள் புது வண்டி. பனையோலையைக் கத்தரித்துக் கருவேல முள்ளில் கோத்த காற்றாடியும், பூவரசிலையைச் சுருட்டிய பீப்பீயும் இதே வகை. செலவில்லாத பொருள் என்பதால் எவரும் சேமித்து வைக்கவில்லை. அகழாய்வில் கிடைக்கவும் போவதில்லை. கீழடியில் சுடுமண் வட்டச்சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்ததால் பாண்டியாட்டத்தைப் பற்றி நாம் ஏதேனும் பேச முடிகிறது. மண் நிலைக்கிறது, ஓலை நிலைப்பதில்லை.

கடற்கரைக்கென்றே உரிய விளையாட்டுகளும் இருந்தன. நெய்தற் பாடல்களில் தலைவியும் தோழியும் நண்டு துரத்தி அலவன் ஆட்டுவார்கள். ஈரமணலில் பாவை செய்வார்கள். அலை வந்து அதை அழித்ததும் கடலோடு சினந்துகொள்வார்கள். அலவன் இன்றும் அதே வேகத்தில் வளைக்குள் ஓடி மறைகிறது. இராவணன் மீசை என்று ஒரு புல் உண்டு. முதிர்ந்ததும் அதன் முள்முள்ளான உருண்டைத் தலை கழன்று, காற்றுக்கு மணலில் உருண்டோடும். அதை விரட்டிப் பிடிப்பதைப் போன்ற ஓட்டப்பந்தயம் வேறில்லை. எதிராளி களைப்பதே கிடையாது. எங்கள் தலைமுறைச் செங்கல்பட்டுப் பையன்களுக்கு இதெல்லாம் வாடகைச் சைக்கிளின் எல்லையில் இருந்த உலகம். திருக்கழுக்குன்றம் வழியாக மல்லைக்கு முப்பது கிலோமீட்டர்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாவதற்கு முன், கடலுக்குப் போகும் எங்கள் வழி அதுவே.

* * *

மல்லையின் பெயரிலேயே ஒரு விளையாட்டு இருப்பதைப் பலர் யோசிப்பதில்லை. முதலாம் நரசிம்மவர்மன் (630–668) பூண்ட மாமல்லன் என்ற விருதுப்பெயருக்கு மற்போரில் பெரியவன் என்று பொருள். வாதாபியை வென்றவன் என்ற பெருமையையும் தாண்டி, ஊர்ப்பெயராக நிலைத்தது மல்லன் என்ற பெயர்தான்.

அந்த ஊரின் புகழ்பெற்ற சிற்பத் தொகுதியில் பெரியவர்கள் ஒன்றைப் பார்க்கிறார்கள், குழந்தைகள் வேறொன்றைப் பார்க்கிறார்கள். அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று பெரியவர்கள் வாதிடும்போது, குழந்தையின் கண் நேராகப் பூனைக்குப் போகிறது. முன்னங்கால்களை உயர்த்தி, விலா எலும்பு தெரியத் தவம் செய்யும் பொய்த்தவப் பூனை. அதை நம்பி அதன் காலடியில் நடமாடும் எலிகள். பேருருவ யானையின் காலுக்கிடையே பதுங்கும் குட்டிகள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். அருகில் தனிக்கல்லில், பேன் பார்க்கும் குரங்குக் குடும்பம். கிருஷ்ண மண்டபத்தில் பால் கறப்பவனும், கன்றை நக்கும் பசுவும். இவையெல்லாம் தற்செயலாக வந்தவை என்று என்னால் எண்ண முடியவில்லை. குழந்தையின் உயரத்தில் நின்று உலகைப் பார்க்கத் தெரிந்த சிற்பி ஒருவனாவது அந்தப் பட்டறையில் இருந்திருக்க வேண்டும்.

சிற்பியே கை வைக்காத கல்தான் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது என்பது இன்னொரு வேடிக்கை. சரிவான பாறையில், உருண்டுவிடுமோ என்று தோன்றும்படி நிற்கும் வெண்ணெய் உருண்டை ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரமும் 250 டன் எடையும் கொண்டதாக மதிப்பிடப்படுகிறது. 1908இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் அது அசையவில்லை என்பது ஊரில் வழங்கும் கதை. யானையால் ஆகாததைத் தோளால் முட்டிப் பார்க்காத சிறுவன் மல்லைக்கு வந்ததே இல்லை. அதையொட்டிய பாறைச் சரிவு இயற்கையான சறுக்குமரம். எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் கால்சட்டைகள் அங்கே தேய்ந்தனவோ தெரியாது. பாறை கண்ணாடி போல் மழமழத்துக் கிடப்பதை எவரும் காணலாம். என்னைக் கேட்டால், மல்லையில் எண்ணற்ற கைகள், அல்ல, எண்ணற்ற பிட்டங்கள் சேர்ந்து செய்த ஒரே புடைப்பற்ற சிற்பம் அதுதான். அதற்கு மன்னன் பெயர் கிடையாது. யார் பாணி என்ற விவாதமும் கிடையாது.

பாறைகளில் வரிசையாகச் செதுக்கிய குழிகளைக் கண்டதும் பிள்ளைகள் பல்லாங்குழி என்று குதிப்பார்கள். பெரும்பாலும் அவை கல்லைப் பிளக்க ஆப்பு இறக்கிய குழிகள். ஒரே நேர்கோட்டில் செல்பவை. பல்லாங்குழிக்கு ஏழேழாக இரண்டு வரிசை, பதினான்கு குழிகள் வேண்டும். ஆயினும் தமிழகக் கோயில் தரைகளிலும் மண்டபத் திண்ணைகளிலும் ஆடுபுலி ஆட்டக் கட்டங்கள் கீறப்பட்டிருப்பது பரவலாக அறிந்த செய்தி. முக்கோணத்தைக் குறுக்குக் கோடுகள் வெட்டும் அந்த வரைபடத்தில் மூன்று புலிகள் பதினைந்து ஆடுகளை எதிர்கொள்ளும். கீறியவர் காவலரா, கல்தச்சரா, வெயிலுக்கு ஒதுங்கிய ஆட்டிடையரா என்று கோடு சொல்வதில்லை, காலமும் சொல்வதில்லை. அதனாலேயே அவை ஆய்வாளரின் குறிப்பேட்டுக்குள் நுழையத் தாமதமாயிற்று. தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ நூல், ஆட்டங்களைப் பெயரும் முறையும் சொல்லித் தொகுத்த அரிய முயற்சி. வட்டாரந்தோறும் அப்படி ஒரு நூல் வந்திருக்க வேண்டும்.

கல்லில் கீறுவது குழந்தைகளின் குணம் மட்டுமன்று. திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபத்தில் வாதாபி கொண்ட நரசிம்மனின் கல்வெட்டு இருக்கிறது. அதே மண்டபத்தில், பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினக் கோட்டையிலிருந்து மலையேறி வந்த ஒல்லாந்தர்கள் தம் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கடல்கடந்து வந்து, சுற்றுலாவில் பெயர் வெட்டிப்போன அந்த வணிகர்களின் கிறுக்கல் இன்று ஆவணம். நேற்றுக் காதலியின் பெயரைக் கீறியவன் செய்தது குற்றம். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு காலம்தான். ஆனால் அதைச் சொல்லி இன்று எவரும் ஆணியை எடுக்க வேண்டாம்.

* * *

திருக்கழுக்குன்றம் என்றதும் எங்கள் வயதினருக்குக் கல்வெட்டு நினைவு வராது, கழுகுகள்தான் வரும். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி, உச்சிவேளைக்குக் காத்திருந்தால், அர்ச்சகர் வைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்ண இரண்டு வெண்ணிறப் பறவைகள் இறங்கும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அன்றாடம் பறப்பவை என்று தலபுராணம் சொல்லும். வானத்தில் முதலில் புள்ளியைக் காண்பவன் யார் என்பது எங்களுக்குள் ஒரு போட்டி. பறவையியலார் மஞ்சள்முகப் பாறு என்று அழைக்கும் இனம் அது. 1990களின் இறுதியில் வருகை நின்றுபோயிற்று. அதே பத்தாண்டில் இந்தியா முழுவதும் பாறுகள் பேரளவில் மடிந்தன. கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்குளோபீனாக் மருந்து, இறந்த மாட்டின் வழியாக அவற்றின் சிறுநீரகத்தை அழித்ததே தலையாய காரணம் என்று கண்டறியப்பட்டு, 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடைசெய்தார்கள். படிகள் இருக்கின்றன, ஊரின் பெயரும் இருக்கிறது. அண்ணாந்து பார்க்க எதுவும் இல்லை.

வேடந்தாங்கலில் நிலைமை வேறு. அங்குள்ள ஏரியில் ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் எதிர்த்து நின்றார்கள். 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். 1858இல் அது மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் இருந்தது. அந்த ஊர்களில் பட்டாசு வெடிக்காமலும் கவண் எடுக்காமலும் வளர்ந்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். ஒரு விளையாட்டைக் கைவிடுவதும் குழந்தைப் பருவத்தின் வரலாறுதான்.

கடல் அப்படிக் கேட்டு வாங்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. பள்ளியில்லாத நாள், பிள்ளைகள் கரையில் இருந்த நேரம். தமிழகக் கரையெங்கும் ஆழிப்பேரலைக்குப் பலியானவர்களில் எண்ணற்றோர் குழந்தைகள். மல்லையில் கடல் பின்வாங்கியபோது தெரிந்த பாறைகளையும், அலை மணலை அரித்ததால் சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டையும், அதன் தடம்பற்றி 2005இல் அகழ்ந்தெடுத்த செங்கற் கோயிலையும் பற்றி நாம் நிறைய எழுதினோம். மணலில் பாவை செய்த கரையைத் தாய்மார்கள் அதன்பின் எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் குறைவாகவே எழுதினோம். அலை அழித்த பாவைக்காகக் கடலைக் கோபித்துக்கொள்வது சங்கப்பாடலில் விளையாட்டு. அந்த ஞாயிறுக்குப் பிறகு அந்தப் பாடல்களை அதே மனத்துடன் படிக்க இயலவில்லை.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் வெண்ணெய் உருண்டையின் முன் கைகோத்து நின்றார்கள். அதன்பின் அங்கே நுழைவுக்கட்டணம் வந்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை என்ற விதி தொல்லியல் துறையினுடையது, நல்ல விதி. பாதுகாப்பு வேண்டாம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். சிற்பத்தில் ஏறக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சறுக்கிச் சறுக்கி மழமழத்த பாறைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அறிவிப்புப் பலகை சொல்வதில்லை.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற முதியவர், ஊன்றுகோலோடும் இருமலோடும் இருந்து இளமையை நினைக்கிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டியதை, மருதமரக் கிளையேறி மடுவில் குதித்து, ஆழத்தைத் தொட்டதற்குச் சான்றாக அடிமணலை அள்ளி வந்ததை. பாசனக் கிணற்றில் மூழ்கி, மேலே வந்ததும் கையை விரித்து மண்ணைக் காட்டிய எந்தச் செங்கல்பட்டுக்காரருக்கும் அந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதாகிறது. பம்பரத்தில் ஆக்கர் என்றால் என்ன, அபீட் எடுப்பது எப்படி, அஞ்சாங்கல்லில் ஒவ்வொரு சுற்றுக்கும் என்ன பெயர், எந்தப் பாட்டு என்பதெல்லாம் அவர்கள் நாவில்தான் இருக்கிறது. கல்வெட்டைப் படியெடுக்க மை, தாள், தூரிகை, பயிற்சி எல்லாம் வேண்டும். இதற்கு ஒரு நோட்டும் ஒரு மாலைப்பொழுதும் போதும். பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, ஐந்து கூழாங்கற்களை அவர் முன் வைத்துப் பாருங்கள். சொல்லில் மறந்ததைக் கை எடுத்துக் கொடுக்கும்.